ஒரே கயிற்றில் இரண்டு சம்பந்திகள்

ஆகஸ்ட் 8, வெள்ளி. லே, லடாக்.

விமானத்தை விட்டு இறங்கியதுமே மூச்சு வாங்கியது. பெட்டியை வாசல் வரை தள்ளிக்கொண்டு போவதற்குள் மூன்று இடத்தில் நின்றுவிட்டேன். திருப்பூரில் தினமும் விடிகாலையில் சம்பந்தியோடு விறுவிறுவென்று நடக்கிறவள் நான். இந்த ஊர்க் காற்றுக்கு அந்த நடையெல்லாம் கணக்கிலேயே வராது போலிருக்கிறது.

எங்களை மலைக்குக் கூட்டிப் போகப்போவது ஒரு பெண். டிஸ்கித் என்று பெயர். முப்பது வயதிருக்கும், வெயிலில் கன்னம் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் "ஆமாலே" என்றாள். இவர்கள் மொழியில் ஆமா என்றால் அம்மாவாம், லே என்பது மரியாதைக்குச் சேர்ப்பதாம். எங்கள் பனியன் கம்பெனியில் தூத்துக்குடிப் பையன்கள் ‘லே’ போட்டுப் பேசிக்கொள்வது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இந்தி தெரியாது. என்னோடு வந்திருக்கும் சம்பந்தியம்மாவுக்குத் தெரியும், வீட்டில் பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுக்கிறவர். அதனால் டிஸ்கித் சொல்வதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும்.

சம்பந்தி என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. என் மகள் மதுமிதாவும் அவர் மகன் பிரகதீஷும் பிரிந்து எட்டு மாதமாகிறது. அடிதடி இல்லை, சண்டை இல்லை. ஒத்துவரவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்தே மனுப் போட்டிருக்கிறார்கள். செப்டம்பரில் கடைசி வாய்தா. அதோடு எங்கள் முறையும் முடிந்தது. இந்தப் பயணத்துக்குப் போன வருடமே பெயர் கொடுத்துவிட்டோம். நான் பின்வாங்குவேன் என்று சுலோச்சனா சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார், அவர் பின்வாங்குவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை, இரண்டு பேரும் வந்து நிற்கிறோம். ஆசை ஆசையாய் வாங்கிய பூட்ஸ் வீணாகக் கூடாதே என்றுதான் வந்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. லே.

உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டுமாம், இன்றும் ஊர் சுற்றல்தான். காலுறைகளைத் துவைத்துப் போட்டேன். அரை மணியில் காய்ந்து அப்பளமாகிவிட்டன. சம்பந்தி விடுதி அடுப்படியில் புகுந்து ரசம் வைத்தார். டிஸ்கித் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு மூன்றாவதற்கும் நீட்டினாள். எங்களுக்கு முன் வந்த யாரோ அவளுக்கு இரண்டு தமிழ் வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: "மெதுவா", "தண்ணி குடி". இந்த இரண்டை வைத்துக்கொண்டே நாளெல்லாம் எங்களை மேய்க்கிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள். முதல் முகாம்.

இன்று நடக்கத் தொடங்கினோம். எங்கள் மூட்டைகளைக் குதிரைகள் சுமந்தன. பச்சை என்பதே இல்லாத மலைகள். ஒன்று செங்கல் நிறம், அடுத்தது சாம்பல், அதற்கடுத்தது ஊதா. இருபத்தாறு வருடம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவளுக்குக் கண் சும்மா இருக்குமா? ஒரே துணியில் இத்தனை ஷேடு வந்திருந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் வந்த குதிரைக்காரர் விசிலடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

வழி நெடுகச் சம்பந்தியும் நானும் பேசிக்கொண்டே வந்தோம். தக்காளி விலை, அவர் டியூஷனில் பெயிலான பையன், முழங்கால் வலிக்கு என்ன தைலம், எல்லாம் பேசினோம். பிள்ளைகளைப் பற்றி மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எடுத்தால் ஒன்றைச் சொல்ல வேண்டிவரும். மது தாலியைக் கழட்டி என் கையில் கொடுத்து மூன்று மாதமாகிறது. என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. பிள்ளைகள் எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது?

ஓடையைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டவர் அக்கரை வந்தும் வெகு தூரம் விடவில்லை. பாதை வழுக்கலாக இருந்ததால் இருக்கும்.

ஆகஸ்ட் 13, புதன்.

மழை, தலைவலி, நாள் முழுக்கக் கூடாரத்துக்குள். சம்பந்தி குறட்டை விடுகிறார். அவர் மகனும் அப்படித்தான் என்று மது ஒருமுறை குறைப்பட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன். அடிவார முகாம்.

யாங்மா காங்ரியை இன்று பார்த்தேன்.

காங்ரி என்றால் பனிமலை. மூன்று நாளாக மேகத்துக்குள் இருந்தது. மதியம் தட்டில் சோறு வாங்கிக்கொண்டு திரும்பினேன், மேகம் விலகியிருந்தது. மலை எதிரே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எதிரே வெறும் பாறைதான். கழுத்தை இன்னும் நிமிர்த்த வேண்டியிருந்தது. வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக அது இருந்தது. கையில் இருந்த சோறு ஆறிப்போனது.

சம்பந்தி பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க, இதுமேலயா நாம ஏறப்போறோம்?" என்றார்.

"ஆமாங்க, பேரு குடுத்தாச்சுல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு முருகா முருகா என்றார். எங்கே மேடு கண்டாலும் அவருக்கு அது முருகன்தான். பழநிக்கு வருடா வருடம் பாதயாத்திரை போகிற குடும்பம். எனக்கு அப்படியெல்லாம் இல்லை, வேலை உண்டு நான் உண்டு என்று இருந்தவள். ஆனாலும் இன்று செருப்பைக் கழட்ட வேண்டும் போல ஒரு கூச்சம் வந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி. அடிவார முகாம்.

காலையில் சமையல் கூடாரத்து மேல் சின்னக் கொடி ஏற்றி ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். சம்பந்தி தன் லட்டைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேலே போய்ச் சாப்பிடுவாராம்.

பிறகு கயிற்றுப் பாடம். பனியில் நடக்கும்போது மூன்று பேரும் ஒரே கயிற்றில் இடுப்பைப் பிணைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கித் முன்னால், சம்பந்தி நடுவில், நான் கடைசி. ஒருவர் சறுக்கினால் மற்ற இருவரும் பனிக்கோடரியைக் குத்திப் படுத்துவிட வேண்டும். டிஸ்கித் இன்னொன்றும் சொன்னாள், சம்பந்தி அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். வழிகாட்டி ஒருத்திதான். ஆகையால் ஒருவருக்கு முடியவில்லையென்றால் இருவரும் திரும்ப வேண்டும். தனியாக யாரையும் மேலேயும் விடமாட்டாள், கீழேயும் விடமாட்டாள்.

"என்னால உங்களுக்குக் கெட்டுப்போகாதுங்க" என்றார் சம்பந்தி.

நான் அப்படி நினைக்கவே இல்லை என்றேன். கொஞ்சம் நினைத்தேன். எனக்கு அந்த உச்சி வேண்டும். வாழ்க்கை முழுக்க ட்யூப் லைட்டுக்குக் கீழே குனிந்தே நின்றவள் நான். ஒருமுறையாவது நிமிர்ந்து, எனக்கு மேலே ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும்.

மதியம் சம்பந்தி மறு சோறு, மறு பருப்பு என்று வாங்கிச் சாப்பிட்டார். மகிழ்ச்சியாக இருந்தது. பொழுதோடு, இருட்டும் நேரத்தில் சூப் வந்தபோது வயிறு நிறைந்திருக்கிறது என்று என் கிண்ணத்தில் ஊற்றிவிட்டார். தூங்கி எழுந்து நடுநிசியில் கிளம்ப வேண்டும். எழுதுவதை நிறுத்துகிறேன்.

ஆகஸ்ட் 16, சனி.

விரல் மடங்கவில்லை. போய்விட்டு வந்தோம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. அடிவார முகாம்.

நேற்றைய நாளை முடிந்தவரை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கிளம்பும்போது கஞ்சி கொடுத்தார்கள். சம்பந்தி கிண்ணத்தைக் கையில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தார். நான் என் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஊரான் தைத்த பனியனில் நூல் பிரிந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவள், பக்கத்தில் இருந்தவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை என்பதைப் பார்க்கவில்லை.

இருட்டில் ஏறியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் தெரியும், அவ்வளவுதான். ஒரு எட்டு, ஒரு மூச்சு. டிஸ்கித் நின்று நின்று "தண்ணி குடி" என்பாள். நான் குடித்தேன். சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைத் தூக்குவது தெரிந்தது.

கணவாய் போன்ற ஒரு மேட்டுக்கு வந்தபோது விடிந்தது. கிழக்கே முதலில் ஒரு கோடு, பிறகு ஒவ்வொரு சிகரமாகத் தீப்பிடித்தது. டிஸ்கித் என் தோளைத் தட்டி மேற்கே திரும்பிப் பார்க்கச் சொன்னாள். அங்கே இன்னொரு மலை நின்றது. நீலமாக, கூர்மையாக, தரையைத் தொடாமல் காற்றில். அது மலையே இல்லை, நாங்கள் நின்றுகொண்டிருந்த மலையின் நிழல். சூரியன் அதை அத்தனை பள்ளத்தாக்குகளையும் தாண்டி ஆகாயத்தின் மேலேயே போட்டிருந்தான். அந்த நிழலுக்குள் எங்கேயோ ஒரு புள்ளியாக நானும் இருக்கிறேன் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்து, வந்த வேகத்தில் இமையில் உறைந்தது. காட்டலாம் என்று சம்பந்தியை நோக்கித் திரும்பினேன்.

அவர் பனியில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்து வெளுத்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னிடம் வந்து சேரவில்லை.

டிஸ்கித் குனிந்து இந்தியில் என்னவோ கேட்டாள். சம்பந்தி தலையை மட்டும் ஆட்டினார். இதுவரை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வாய் மூடிக்கொண்டது, டிஸ்கித்தும் நானும் ஊமைகளாகப் பார்த்துக்கொண்டோம். நான் சம்பந்தியின் பாட்டிலை எடுத்தேன். கழுத்து வரை தண்ணீர், மேலே பனி ஆடை. பிறகு, கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் சோதிப்பதுபோல் அவர் பைகளைச் சோதித்தேன். அவித்த உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது, சாக்லேட்டும் லட்டும் அப்படியே இருந்தன. நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை உருண்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏனுங்க, என்னதுங்க இது? ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கலீங்களா?"

"மேல போய்க் குடிச்சுக்கறனுங்க. வேண்டுதல்."

"என்ன வேண்டுதலு?"

"முருகங்கிட்ட. நேத்துப் பொழுதோட இருந்து, உச்சிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பழநிப் படின்னு நெனச்சீங்களா இத? அங்கன்னா படிக்கு ஒரு மோர்ப்பந்தல் இருக்கும். இங்க விழுந்தா எடுக்க ஆளில்ல!" என்று கத்தினேன். கத்தியதில் எனக்கே தலை சுற்றியது.

டிஸ்கித் கையைக் கீழ்ப்பக்கம் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. உச்சி மேலே தெரிந்துகொண்டிருந்தது. நடந்தால் அரைப்பொழுதுகூட ஆகாது. நான் அதை ஒரு தடவை பார்த்தேன். போகட்டும் என்று மனதைக் கழட்டி எடுத்தேன். வலித்தது.

"சரிங்க, எறங்கிரலாம். ஆனா மொதல்ல தண்ணி குடிங்க."

"வேண்டாங்க, வேண்டுதலு கெட்டுரும்."

அப்போதுதான் சொன்னேன். அந்த உயரத்தில் மென்று முழுங்கிப் பேச மூச்சு இல்லை. "புள்ளைங்க சேரோணும்னுதானுங்களே இத்தனையும்? சேர மாட்டாங்க. மது தாலியக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டா. மூணு மாசமா என்ற பீரோவுல கெடக்குது. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "தெரியுங்க. அன்னைக்கே பிரகதீஷ் சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா இப்படி?"

"அவங்க சேரோணும்னு நான் வேண்டலீங்க. அவங்க பாடு அவங்களுக்கு." வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்கினார். "வாய்தா முடிஞ்சு கோர்ட்டுப் படிய எறங்கிட்டா நீங்க யாரோ, நான் யாரோ. அப்புறம் எந்த மொகத்த வெச்சுட்டு விடியால நடக்கக் கூப்புட உங்க வீட்டுக்கு வந்து பெல்லடிக்கறது? ஊரு என்ன சொல்லும்? மது என்ன நெனைக்கும்? அது விட்டுப்போகக் கூடாதுன்னுதானுங்க வேண்டுனேன்."

காற்று நின்றிருந்தது. எட்டு மாதமாக நான் எனக்குள்ளேயே சொல்லத் துணியாததை, இந்த மனுஷி பட்டினி கிடந்து ஒரு மலையிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் மகள் வாழ்க்கை முறிந்தபோது, மகளுக்காக அழுததில் பாதி இவருக்காகவும் அழுதேன். அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

"அதுக்கு முருகன எதுக்குங்க இழுக்கறீங்க? எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பெல்லடிக்காதீங்க, கேட்டு தொறந்துதான் கெடக்கும்னு சொல்லியிருப்பேன்."

அவர் என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "அப்ப என்ற வேண்டுதலு?"

"அது நடந்துபோச்சு. நடந்த வேண்டுதலுக்கு எதுக்குங்க வெரதம்? வாயத் தொறங்க."

திறந்தார். கடலை உருண்டையைக் கோடரிப் பிடியால் உடைத்து ஒரு துண்டை ஊட்டினேன். மெல்லத் தெம்பில்லை, ஊறவைத்துத்தான் விழுங்கினார். டிஸ்கித் பிளாஸ்க்கிலிருந்து சர்க்கரை போட்ட வெந்நீரை மூடி மூடியாகக் கொடுத்தாள். நான்காவது மூடியில் சம்பந்திக்குப் பேச்சு வந்தது, நடந்த அத்தனையையும் இந்தியில் அவளுக்குச் சொன்னார். அவள் முதலில் கடுமையாகத் திட்டினாள். அது எனக்குப் புரிந்தது. அப்புறம் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லவேளை, அது உயரத்தால் வந்த நோய் இல்லை, வெறும் பட்டினியும் தாகமும்தான். டிஸ்கித் அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிப் பார்த்தாள், பனியில் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கவிட்டாள், தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் எங்கள் மேல் விழும் வரை உட்காரவைத்தாள். சம்பந்தி உருளைக்கிழங்கையும் லட்டையும் தின்று முடித்துவிட்டு, என் சாக்லேட்டையும் பார்த்தார். கொடுத்தேன். கடைசியில் டிஸ்கித் மேலே கண்ணைக் காட்டி, "மெதுவா" என்றாள்.

கடைசி ஏற்றத்தில் இடப்பக்கமும் ஒன்றுமில்லை, வலப்பக்கமும் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு பாய் அகலப் பனி. கயிறு என் இடுப்பிலிருந்து சம்பந்தி இடுப்புக்குப் போயிருந்தது. அவர் நின்றால் தொய்ந்தது, நடந்தால் மெல்ல என்னை இழுத்தது. அதைத் தவிர நான் எதையும் நினைக்கவில்லை. பிறகு கயிறு தொய்ந்து, தொய்ந்தபடியே கிடந்தது. நிமிர்ந்தேன். ஏற இடமில்லை.

வெள்ளைத் துணியில்தான் குறை சட்டென்று தெரியும், அதனால் வெள்ளை லாட் வந்தால் செக்கிங்கில் எல்லோரும் பயப்படுவார்கள். நேற்று என் காலடியிலிருந்து உலகத்தின் விளிம்பு வரை வெள்ளை. பழக்கதோஷத்தில் கண் தேடியது. ஒரு பிசிறில்லை, ஒரு கறையில்லை. சிகரத்துக்குப் பின் சிகரம், அதற்குப் பின்னும் சிகரம், பெயர் தெரியாதவை, யாரும் பார்க்காவிட்டாலும் இப்படியே நிற்கிறவை. அத்தனை பெரிதுக்கு முன்னால் நான் ரொம்பச் சின்னவள். ஆனால் சின்னவளாக இருப்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கை தானாகக் கூப்பியிருந்தது. யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

சம்பந்தி கும்பிடவில்லை. பனியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா பாக்கலாம்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிஸ்கித் கிளம்பலாம் என்று கயிற்றை ஆட்டும் வரை சும்மா பார்த்தோம்.

இறங்கும்போது வரிசை மாறியது. மேலிருந்து பிடிக்க டிஸ்கித் கடைசியில், நான் முன்னால். இரண்டு முறை சறுக்கினேன், இரண்டு முறையும் சம்பந்தி கோடரியைக் குத்தி நிறுத்தினார். முகாமுக்கு வந்து மூன்று கிண்ணம் ரசம் குடித்தார்.

ஆகஸ்ட் 23, சனி. திருப்பூர்.

டெல்லியிலிருந்து ரயிலில் வந்து காலையில் இறங்கினோம். மூக்கெல்லாம் தோல் உரிந்து இரண்டு பேரும் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்டேஷன் நடைமேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் மது நின்றிருந்தாள், அந்தப் பக்கம் பிரகதீஷ். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

பிரகதீஷ் வந்து, "நல்லாருக்கீங்களா அத்தை?" என்று கேட்டு என் பையை வாங்கினான். மது சம்பந்தியின் பையை வாங்கிக்கொண்டு, அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "என்னங்கத்தை இப்படிக் கருகிட்டீங்க?" என்றாள். அவர்களுக்குள்ளும் நல்லாருக்கியா, இருக்கேன் என்று ஒன்றிரண்டு பேச்சு. விரோதமில்லை, நெருக்கமுமில்லை. பார்க்கவே தெரிந்தது, இது முடிந்த கதை.

"அம்மா, வா, வண்டி அந்தாண்ட நிக்குது" என்றாள் மது.

"அம்மா, கார் இந்தப் பக்கம்" என்றான் பிரகதீஷ்.

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பைகளைப் பிள்ளைகள் கையிலேயே விட்டுவிட்டு நாங்கள் வெளியே நடந்தோம். வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஏறிக்கொண்டோம். நல்ல இட்டிலி கிடைக்கிற இடமாகப் பார்த்து விடச் சொன்னார் சம்பந்தி.

இரண்டு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்றான் பிரகதீஷ்.

சம்பந்தி தலையை வெளியே நீட்டினார்.

"நீங்க ரெண்டு பேருந்தான் பிரிஞ்சீங்க, கண்ணு. எங்களுக்கு யாரும் வாய்தா போடல" என்றார். ஆட்டோ கிளம்பியது.